பழைய கார் எஞ்சின் தட்டுகிறதா? டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகும் முன் பார்க்க வேண்டியவை

மேட்டில் டாப் கியரிலேயே ஏறிவிடலாம் என்று ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, தகர டப்பாவில் நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம் வரும். காலை எடுத்தால் நின்றுவிடும், மறுபடி மிதித்தால் மறுபடி வரும். இதுதான் நாக்கிங். பழைய கார் வைத்திருக்கிற யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "டைமிங் முன்னால இருக்கு, கொஞ்சம் பின்னால தள்ளு." டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் நேரம். அதைப் பின்னால் தள்ளினால் சத்தம் நிற்கத்தான் செய்யும். கூடவே இழுவையும் போகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எஞ்சின் சூடேறும், சூடேறின எஞ்சின் மறுபடி தட்ட ஆரம்பிக்கும், நீங்கள் மறுபடி பின்னால் தள்ளுவீர்கள். இந்த வட்டத்தில் நான் மூன்று மாதம் சுற்றியிருக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டைமிங் வைப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை நாலைந்து இருக்கின்றன.

இங்கே சொல்வதெல்லாம் டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் கருவி) பாயின்ட்டும் (அதற்குள் திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச், திறக்கும் நொடியில் பொறி விழும்) கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலப்பது) உள்ள கார்களுக்கு. கம்ப்யூட்டரே டைமிங்கைப் பார்த்துக்கொள்கிற வண்டிக்கு இதில் பாதி பொருந்தாது.

உள்ளே என்ன நடக்கிறது

பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை மொத்தமும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வதில்லை. தீ பிளக்கிலிருந்து கிளம்பி சிலிண்டரின் அந்தக் கோடிவரை பரவ சில மில்லி செகண்டு ஆகிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஒரு 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால்தான் நல்ல தள்ளு கிடைக்கும். அப்படியென்றால் பிஸ்டன் மேலே வந்துசேரும் முன்பே பொறி விழ வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. நிமிடத்துக்கு 800 சுற்று ஓடும்போது ஒரு மில்லி செகண்டில் கிராங்க் 5 டிகிரிகூடத் திரும்பாது. 3000 சுற்றில் அதே மில்லி செகண்டில் 18 டிகிரி திரும்பிவிடும். தீ பரவும் நேரம் அந்த அளவுக்கு வேகமாகக் குறைவதில்லை, அதனால் வேகம் ஏற ஏறப் பொறியையும் முன்னால் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங் கட்டின இரண்டு எடைகள் இருக்கின்றன, சுற்றும்போது விரிந்து டைமிங்கை முன்னே தள்ளும். பக்கத்தில் தட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அது வேக்குவம் அட்வான்ஸ், எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பால் டைமிங்கை முன்னே கொண்டுவருவது. பாரமில்லாமல் சீராக ஓடும்போது சிலிண்டருக்குள் கலவை குறைவு, குறைந்த கலவை மெதுவாக எரியும், அதை ஈடுகட்ட அது இன்னும் கொஞ்சம் முன்னே இழுக்கும்.

நாக்கிங் என்பது என்னவென்றால், தீ வந்துசேர்வதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாக வெடித்துவிடுவது. எரிய வேண்டியது வெடிக்கிறது. எப்போதாவது ஒரு முறை கேட்டால் எஞ்சின் செத்துவிடாது. தினமும் மேட்டில் தட்டவிட்டு ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், மோசமான கட்டத்தில் பிஸ்டன் தலையே உருகும்.

சூட்டையும் அழுத்தத்தையும் கூட்டுகிற எதுவும் நாக்கிங்கைக் கொண்டுவரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் அதில் ஒன்று, அவ்வளவுதான்.

பெட்ரோலும் ஒரு காரணம். ஆக்டேன் எண் என்பது, கலவை தானாக வெடிக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு. 1921-ல் தாமஸ் மிட்க்லி ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் டெட்ரா எத்தில் லெட் கலந்தால் நாக்கிங் அடங்குகிறது என்று கண்டுபிடித்ததிலிருந்து பல பத்தாண்டுகள் பெட்ரோலில் ஈயம் கலந்துதான் விற்றார்கள். ஈயம் விஷம் என்பதால் ஒவ்வொரு நாடாக நிறுத்தி, கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. உங்கள் காரின் மேனுவல் அந்த ஈயக் காலத்தில் அச்சானது என்றால், அதில் உள்ள டைமிங் எண் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் சொன்னது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடக்கப் புள்ளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அது நாக்கிங்தானா?

தட்டுகிற சத்தமெல்லாம் நாக்கிங் இல்லை. பாரம் ஏறும்போது மட்டும் வந்து, காலை எடுத்ததும் சட்டென்று நிற்கிற, மெல்லிய உலோகச் சத்தம் என்றால் நாக்கிங். நின்றுகொண்டு ஐடிலிங்கிலேயே சீராக டிக் டிக் என்றால் டேப்பெட்டை (வால்வைத் தள்ளும் பாகம்) பாருங்கள். எஞ்சின் குளிராக இருக்கும்போது மட்டும் தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் தேய்ந்திருக்கலாம், அல்லது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகப் புகை கசியலாம். கனமாக, அடிவயிற்றிலிருந்து "டொக் டொக்" என்று வந்தால் அது பேரிங், அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

இன்னொரு எளிய சோதனை. தட்டும் இடத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால், வண்டியில் கோளாறே இல்லாமல் நீங்கள் டாப் கியரில் முக்கவிட்டு ஓட்டுவதுகூடக் காரணமாக இருக்கலாம். சொன்னால் யாருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாருங்கள்

மூடியின் இரண்டு கிளிப்பையும் நெம்பி எடுத்து, நடுவில் சுற்றும் ரோட்டரை உருவுங்கள். மூடிக்குள் முடி மாதிரி மெல்லிய விரிசலோ கரிக்கோடோ தெரிந்தால் மூடியை மாற்றுங்கள். ரோட்டரை மறுபடி மாட்டி, அது சுற்றும் திசையில் கையால் கொஞ்சம் முறுக்கிவிடுங்கள். சில டிகிரி திரும்பி, விட்டதும் தானாகத் திரும்பி வந்து உட்கார வேண்டும். திரும்பவே இல்லையென்றால் எடைகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றன. திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டால் ஸ்பிரிங் போயிருக்கிறது.

என் வண்டியில் இதுதான் நடந்தது. ஐடிலிங்கில் டைமிங் பார்த்தால் புத்தகத்தில் போட்டபடியே அச்சு அசலாக இருக்கும், ரோட்டில் போனால் தட்டும். ஒவ்வொரு முறையும் ரெண்டு டிகிரி பின்னால் வைப்பேன், கொஞ்ச நாளில் மறுபடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லாமல் பாயின்ட் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது, அதைக் குச்சியால் கிளறினபோது அரை அரிசி அளவுக்கு ஒரு கம்பித் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்பிரிங்கின் கொக்கி. ஒரு ஸ்பிரிங் ஒழுங்காக இருக்க, இன்னொன்று கொக்கி உடைந்து ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. ஐடிலிங்கில் மீதி ஒரு ஸ்பிரிங்கே எடைகளைப் பிடித்து வைத்திருந்தது. எஞ்சின் வேகம் கொஞ்சம் ஏறினதும், 3000 சுற்றில் வர வேண்டிய அட்வான்ஸ் மொத்தமும் 1500-லேயே வந்துவிட்டது. நான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தது கோளாறு இல்லாத இடத்தை. ஸ்பிரிங் மாற்றி, டைமிங்கைப் பழைய எண்ணுக்கே கொண்டுவந்ததும் வண்டி வேறு வண்டி மாதிரி இழுத்தது.

ஒரு எச்சரிக்கை: சில டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு ஸ்பிரிங் மெல்லியதாகவும் இன்னொன்று தடித்துக் கொக்கித் துளை நீளமாகி லொடலொடவென்றும் இருக்கும். அது தேய்மானம் இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மெல்லியது முதலில் வேலை செய்யும், தடித்தது அப்புறம் சேர்ந்துகொள்ளும். அதை இழுத்துக் கட்டி "சரிசெய்து" விடாதீர்கள்.

வேக்குவம் பக்கம் சோதிக்க, குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயின்ட் பிளேட் நகர வேண்டும். உறிஞ்சினபடியே நாக்கால் அடைத்தால் நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். மெதுவாகத் திரும்பி வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. பிளேட் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை அதே பக்கம் திருப்பினால் டைமிங் முன்னால் போகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் பின்னால் வரும். "ரோட்டர் சுற்றுவதற்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ்" என்று மனப்பாடம் செய்வதைவிட இது எளிது, ரெண்டும் ஒன்றுதான்.

பாயின்ட் கேப் வைக்காமல் டைமிங்கைத் தொடாதீர்கள்

புதிதாகச் செய்பவர்கள் சறுக்கும் இடம் இது. பாயின்ட்டை, சிலர் பிளாட்டினம் என்பார்கள், கேமின் (ஷாஃப்ட்டில் பாயின்ட்டைத் தள்ளித் திறக்கும் மேடு) முனையில் முழுக்கத் திறந்திருக்கும்படி வைத்து, அந்த இடைவெளியில், அதாவது கேப்பில், ஃபீலர் கேஜ் (அளவு போட்ட மெல்லிய தகடு) விட்டுப் பார்க்க வேண்டும். பல நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், சிலவற்றில் 0.50 வரை போகும், உங்கள் மேனுவல் என்ன சொல்கிறதோ அது. கேப் கூடினால் பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். கேப் குறைந்தால் பின்னால் வரும். ஆக, முதலில் டைமிங்கை அழகாக வைத்துவிட்டு அப்புறம் கேப்பைச் சரிசெய்தால் வைத்த டைமிங் கலைந்துவிடும். எப்போதும் கேப் முதலில், டைமிங் அடுத்து.

பாயின்ட் முகத்தில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் ஃபீலர் கேஜ் மேட்டில் தட்டிப் பொய்யான அளவு காட்டும். அப்படிப்பட்டதை உரசிக்கொண்டிருக்காமல் புதுசு போட்டுவிடுங்கள், பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் சேர்த்து. கேமின் மேல் மிகக் கொஞ்சமாக கிரீஸ். கூடுதலாக வைத்தால் தெறித்துப் பாயின்ட்டில் விழுந்து மிஸ்ஸிங் வரும்.

ஷாஃப்ட்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் கேப் மாறிக்கொண்டே இருக்கும், எவ்வளவு பொறுமையாக வைத்தாலும் டைமிங் நிற்காது.

எஞ்சின் ஓடாமல் டைமிங் வைப்பது

பன்னிரண்டு வோல்ட் சின்ன பல்பு ஒன்றும் இரண்டு வயரும் போதும். முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையை விரலால் மூடிக்கொண்டு எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வந்தால் அது கம்ப்ரஷன் சுற்று. அப்படியே தொடர்ந்து சுற்றி, கிராங்க் புல்லியில் உள்ள கோடு பக்கத்து அளவுத் தகட்டில் மேனுவல் சொன்ன டிகிரியில் நிற்கும்வரை கொண்டுவாருங்கள். தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் திருப்பி நிறுத்தக் கூடாது. நன்றாகப் பின்னால் கொண்டுபோய், எஞ்சின் ஓடும் திசையிலேயே மறுபடி வாருங்கள். டைமிங் செயினிலும் பல்சக்கரத்திலும் இருக்கும் தளர்ச்சி அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும். இப்போது ரோட்டர் முனை முதல் சிலிண்டர் வயருக்கு நேராக இருக்க வேண்டும்.

பல்பின் ஒரு வயரை, காயிலிலிருந்து (பேட்டரி மின்சாரத்தைப் பொறிக்கு ஏற்றபடி உயர்த்துவது) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையிலும், இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் கொடுத்து, சாவியைப் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் போல்ட்டை, கையால் திருப்ப முடியும் அளவுக்கு மட்டும் தளர்த்துங்கள். ரோட்டர் சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பினால் பாயின்ட் மூடிக்கொண்டு பல்பு அணையும். இனி எதிர்த் திசையில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். பல்பு பளிச்சென்று எரியும் அந்த இடம்தான் பாயின்ட் திறக்கும் இடம், பொறி விழும் இடம். அங்கேயே போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது டிஸ்ட்ரிபியூட்டர் லேசாகக் கூடவே திரும்பும், அதனால் கிராங்க்கை ஒரு முறை பின்னால் கொண்டுபோய் மறுபடி வந்து, கோடு நேராகும் நொடியில் பல்பு எரிகிறதா என்று பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி திருப்பினால் டைமிங் 2 டிகிரி மாறும். அதனால்தான் கொஞ்சம்போல் அசைத்தாலும் வண்டி தலைகீழாக மாறிவிடுகிறது. வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பாயின்ட் மூடியிருக்க சாவி போட்டபடியே டீ குடிக்கப் போனால் காயில் கொதித்துவிடும்.

லைட் வைத்துப் பார்ப்பது

பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் இருந்தால் இன்னும் நல்லது, அது ஓடும் எஞ்சினில் உண்மையைச் சொல்லும். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சோக் (குளிரில் கலவையில் பெட்ரோலைக் கூட்ட இழுக்கும் குமிழ்) முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிடுங்கள், மேனுவல் வேறு மாதிரி சொன்னால் மட்டும் அதன்படி. புல்லியின் கோட்டில் வெள்ளைப் பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் கண்ணுக்குத் தெரியும். ஐடிலிங் வேகம் கூடுதலாக இருந்தால் எடைகள் ஏற்கெனவே விரிய ஆரம்பித்திருக்கும், தப்பான எண்ணைப் பார்ப்பீர்கள், அதையும் முதலில் குறைத்துக்கொள்ளுங்கள்.

லைட் பட்டதும் சுற்றுகிற புல்லி அசையாமல் நிற்பது போலத் தெரியும். கண்ணை நம்பிக் கையை நீட்டிவிடாதீர்கள், அது நிற்கவில்லை. தொங்கும் சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி எல்லாம் ஃபேனுக்குத் தூரமாக இருக்கட்டும்.

ஐடிலிங்கில் சரியாக வைத்ததும் நிறுத்திவிடாமல், வேகத்தைக் கூட்டிக்கொண்டே கோட்டைப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு போவது போலச் சீராக முன்னால் நகர்ந்து, 3000 சுற்று வாக்கில் ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். வேக்குவம் இல்லாமல் பெரும்பாலான பழைய எஞ்சின்களில் அது 30-லிருந்து 36 டிகிரிக்குள் இருக்கும். வேகம் கொஞ்சம் ஏறினதுமே எகிறிக் குதித்துப் போனால் என் வண்டியின் கதை. நகரவே இல்லையென்றால் எடைகள் இறுகியிருக்கின்றன. கோடு நடுங்கினால் தேய்ந்த புஷ், அல்லது தளர்ந்த செயின். அளவுத் தகட்டில் அத்தனை டிகிரி இல்லையே என்றால் நீங்களே போட்டுக்கொள்ளலாம். புல்லி குறுக்களவு 150 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 471, அதை 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 1.3 மில்லிமீட்டர். 30 டிகிரிக்கு 39 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு.

வெளி வளையத்துக்கும் நடுவுக்கும் இடையில் ரப்பர் வைத்த புல்லியாக இருந்தால், ரப்பர் செத்து வெளி வளையம் வழுக்கியிருக்கலாம். கோடே பொய் சொல்லும். சந்தேகம் வந்தால் பிளக் துளை வழியாக பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பார்த்து, கோடும் சுழியத்துக்கு வருகிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ரோட்டில்

வேக்குவம் குழாயை மறுபடி மாட்டுங்கள், இதை மறப்பவர்கள் அதிகம். ஆள் நடமாட்டமில்லாத லேசான மேட்டில், டாப் கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுக்க மிதியுங்கள். ஒரே நொடி லேசாகக் கிணுகிணுத்து மறைந்தால் அதுவே சரியான இடம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நான் அதிலிருந்தும் 2 டிகிரி பின்னால்தான் வைப்பேன், வெயில் காலமும் நாலு பேர் பாரமும் வரும்போது அந்த ஒரு நொடி அஞ்சு நொடியாகிவிடும். ஒவ்வொரு முறையும் 2 டிகிரிக்கு மேல் மாற்றாதீர்கள். புத்தகத்தில் உள்ளதிலிருந்து 4 டிகிரிக்கு மேல் பின்னால் தள்ளியும் தட்டினால், அங்கேயே நிறுத்துங்கள், கோளாறு டைமிங்கில் இல்லை.

அப்படியானால் எங்கே? சோக்கைக் கொஞ்சமாக இழுத்துவிட்டு அதே மேட்டில் ஓட்டுங்கள். தட்டல் குறைந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை, கார்புரேட்டர் ஜெட் அடைத்திருக்கும், அல்லது மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலோ பிரேக் பூஸ்டர் குழாயிலோ காற்று இழுக்கும். ஒரு ரப்பர் குழாயின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை இணைப்புகளின் ஓரமாகக் கொண்டுபோனால் காற்று இழுக்கும் "ஸ்ஸ்" சத்தம் கேட்கும். பெட்ரோலைத் தெளித்துக் கண்டுபிடிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் குலுங்கிக்கொண்டு நாலு சுற்று ஓடினால், ஐடிலிங் வேகம் கூடுதலாக இல்லையென்று பார்த்துக்கொண்டு, உள்ளே கரி படிந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கரி இடத்தை அடைத்து கம்ப்ரஷனைக் கூட்டும், தணலாகக் கனன்று தானே பற்றவும் வைக்கும். இதற்கு ஹெட்டைக் கழற்றிச் சுரண்டுவதுதான் முழுத் தீர்வு. ஏற்கெனவே யாராவது ஹெட்டை நிறையக் கடைசல் பிடித்திருந்தாலும் கம்ப்ரஷன் ஏறியிருக்கும், அந்த வண்டிக்கு ஆக்டேன் கூடுதலான பெட்ரோல்தான் வழி. ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட் மூன்றையும் பாருங்கள், சூடு கூடினாலே தட்டும்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பீங்கான் வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் சூடு அதிகம், பிளக்கின் ஹீட் ரேஞ்ச் (சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) மேனுவலில் சொன்னதுதானா என்று எண்ணை ஒப்பிடுங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளிகளோ, மினுக்கும் உலோகத் துகள்களோ தெரிந்தால் நாக்கிங் உங்கள் காதுக்கு எட்டாத அளவிலும் நடந்துகொண்டிருக்கிறது. மினுக்குவது உங்கள் பிஸ்டனின் அலுமினியம். அன்றைக்கே வண்டியை நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் சரியானதும், டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கீறல் போட்டு வையுங்கள், தேதி, கேப், டிகிரி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். புதுப் பாயின்ட் போட்டிருந்தால் கேமில் உரசும் அதன் ஃபைபர் குதிகால் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் வேகமாகத் தேயும், கேப் குறையும், டைமிங் தானாகப் பின்னால் வந்துவிடும். அப்போது டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதீர்கள். மூடியைத் திறந்து கேப்பை மட்டும் வையுங்கள், கோடு பழைய இடத்துக்கே வந்துவிடும்.